குப்பைக்குக் காசு கொடுப்பது யார்?

காரக்கோணம் கடைவீதியிலிருந்து சிறிது தொலைவு சென்றால் மாநில எல்லை வந்துவிடுகிறது. எல்லையில் வேலி கிடையாது. ரப்பர்த் தோட்டமும் மரச்சீனி விளையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று வகுத்த கோட்டைத் தாண்டி இன்றும் பெண் கொடுக்கிறார்கள், பெண் எடுக்கிறார்கள், சந்தைக்குப் போய் வருகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் கோட்டிற்கு இப்புறம் ஒரு வழக்கமும் அப்புறம் வேறொரு வழக்கமும் ஏற்பட்டிருக்கின்றன. வீட்டில் சேருகிற பால் உறை, பலகாரப் பொட்டலம், உடைந்த வாளி, கிழிந்த செருப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்கிறவருக்குக் கூலி கொடுப்பது யார் என்பதே அந்த விஷயம்.

காரக்கோணம் குன்னத்துகால் கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அங்கும் கேரளத்தின் ஏனைய பஞ்சாயத்துகளிலும், ‘ஹரித கர்ம சேனை’ என்ற அமைப்பைச் சேர்ந்த பெண்கள் மாதந்தோறும் வீடு வீடாக வருகிறார்கள். வார்டு ஒன்றுக்கு இருவர் என்பது பொது வழக்கம். கழுவி உலர்த்தி வைத்த பிளாஸ்டிக்கை வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரரிடம் கட்டணம் பெற்று ரசீது தருகிறார்கள். கிராமங்களில் இக்கட்டணம் பெரும்பாலும் மாதம் 50 ரூபாய். நகரங்களில் சற்று மிகுதி. சமையலறைக் கழிவை அவர்கள் எடுப்பதில்லை. அதை அவரவர் தோட்டத்திலேயே எருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கான தொட்டியைப் பஞ்சாயத்து மானிய விலையில் தருகிறது. எல்லைக்கு அப்புறம், தமிழ்நாட்டு ஊராட்சிகளில், ‘தூய்மைக் காவலர்’ என்ற பணியாளர் வருகிறார். அவருக்குரிய மதிப்பூதியம் பொது நிதியிலிருந்து வருகிறது. வீட்டு வாசலில் அவர் காசு கேட்பதில்லை. அந்த மதிப்பூதியம் 2023-ஆம் ஆண்டில் மாதம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இப்படி அக்காள் வீட்டில் மாதம் 50 ரூபாயும் தங்கை வீட்டில் ஒன்றுமில்லை என்றும் இருந்தால், அக்காள் வீட்டார் கேள்வி கேட்பது இயற்கையே. “எங்கள் வீட்டுப் பொருளையும் கொடுத்து, அதற்குக் காசும் கொடுப்பதா? அதை விற்றுத்தானே லாபம் சம்பாதிக்கிறார்கள்?” என்கிறார்கள். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுவது சரியன்று. இதற்கு விடை தேடினால், பழம்பொருள் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதும், ஸ்தல ஸ்தாபனங்கள் எந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதும் ஓரளவு விளங்கும்.

தமிழ்நாட்டில் காயலான் கடை என்றும், நாஞ்சில் நாட்டில் ஆக்கர் கடை என்றும், மலையாளத்தில் ஆக்ரிக்கடை என்றும் வழங்கும் கடைகள் மறுசுழற்சி என்ற சொல் பிறப்பதற்கு முன்பே அத்தொழிலைச் செய்து வந்தவை. இரும்பு, பித்தளை, செம்பு, பழைய காகிதம், கனமான பிளாஸ்டிக் ஆகியவற்றிற்கு அங்கே விலை உண்டு. ஆகையால் இவற்றைச் சேகரிக்க எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானம் போட வேண்டியதில்லை. வியாபாரி தானே சைக்கிளில் கூவிக்கொண்டு வருவார். அவர் தொடமாட்டாத சரக்கு ஒன்று உண்டு. வறுவல் வரும் மினுமினுப்பான உறை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டிச் செய்யப்பட்டது. படலங்களைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு, பிரித்த பொருளின் விலையைக் காட்டிலும் அதிகம். எண்ணெய் படிந்த பை, செருப்பு, சாயம் போன மெல்லிய உறை ஆகியவற்றின் கதையும் இதுவே. எடையில் இவை அற்பம். ஒரு சாக்கு நிறைந்தாலும் தராசு முள் அதிகம் அசையாது.

ஹரித கர்ம சேனைக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைச் சரக்குதான். விலை போகும் பொருளை வீட்டுக்காரர் ஏற்கெனவே ஆக்கர் கடைக்குப் போட்டுவிடுகிறார். போகாததைச் சேனைக்கு என்று எடுத்து வைக்கிறார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, யாரும் செய்வதுதான். சேனையினர் அதை வார்டிலுள்ள சிறு கூண்டில் சேர்த்து, பிறகு பஞ்சாயத்தின் சேகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுபோய், தரையில் கொட்டி, கையால் வகை பிரிக்கிறார்கள். நன்கு பிரித்த பிளாஸ்டிக்கை, அரசும் ஸ்தல ஸ்தாபனங்களும் பங்கு வகிக்கும் கிளீன் கேரளா கம்பெனி விலை கொடுத்து வாங்குகிறது. அதில் ஒரு பகுதி துகளாக்கப்பட்டு, சாலைக்குத் தார் போடும்போது கலக்கப்படுகிறது. மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் கண்டறிந்து பெயர் பெற்ற முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எதற்கும் உதவாத எஞ்சிய பகுதியை எரிபொருளாகச் சிமெண்டு ஆலைகளின் சூளைகளுக்கு அனுப்புகிறார்கள். இந்த எஞ்சிய பகுதிக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. மாறாக, அதை எடுத்துச் செல்வதற்குப் பஞ்சாயத்துதான் காசு கொடுக்க வேண்டும்.

ஆகவே அக்காள் வீட்டார் கொடுக்கும் 50 ரூபாய், விற்கும் பொருளுக்குரிய விலையன்று. விற்காத பொருளைச் சுமப்பதற்குரிய கூலி. இவ்வேறுபாட்டைப் பல பஞ்சாயத்துகள் மக்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பது நம் அபிப்பிராயம். ரசீதைக் கொடுத்த அளவுக்குக் கணக்கைக் கொடுக்கவில்லை.

கேரளம் இந்த ஏற்பாட்டிற்கு வந்து சேர்ந்த வழி இன்பமான வழியன்று. திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை முழுவதும் 2000-ஆம் ஆண்டு முதல் விளப்பில்சாலை என்ற கிராமத்திற்குச் சென்றது. அங்கே தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆனால் மலை மலையாகக் குவிந்த குப்பையை அதனால் சமாளிக்க முடியவில்லை. கழிவுநீர் ஓடையில் கலந்தது. நகரத்தின் சுத்தத்திற்குத் தங்கள் கிணறுகளை விலையாகக் கொடுப்பதா என்று கிராமத்தார் கிளர்ந்தெழுந்தனர். 2011 டிசம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. தலைநகரம் குப்பை கொட்ட இடமின்றித் திகைத்தது. அந்தத் திகைப்பிலிருந்து பிறந்ததே, குப்பை பிறக்கும் இடத்திலேயே அதைப் பிரித்துத் தீர்க்க வேண்டும் என்ற கொள்கை. 2016 டிசம்பரில் ஹரித கேரளம் மிஷன் தொடங்கப்பெற்று, அதனைத் தொடர்ந்து ஊர்தோறும் ஹரித கர்ம சேனைகள் அமைக்கப்பட்டன. 1998 முதல் கேரளமெங்கும் பரவியிருந்த குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிலிருந்தே சேனைக்குப் பெண்கள் வந்தார்கள்.

ஆயினும் பல ஊர்களில் சேனை பெயரளவில்தான் இருந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி நகரின் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றிப் பத்து நாட்களுக்கும் மேலாகப் புகைந்தது. உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் பிறகே வேகம் பிறந்தது. 2023 டிசம்பரில் அவசரச் சட்டமாகவும் 2024-இல் நிரந்தரச் சட்டமாகவும் பஞ்சாயத்துச் சட்டமும் நகரசபைச் சட்டமும் திருத்தப்பட்டன. சேனைக்குரிய கட்டணத்தைக் கொடாதவரிடமிருந்து அதைக் கட்டிட வரி பாக்கியோடு சேர்த்து வசூலிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் கிடைத்தது. பரம ஏழைகளுக்கு விலக்களிக்கவும் இடமுண்டு.

2024 ஜூலை 13-ஆம் தேதி, திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டில் அடைத்துக்கிடந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒரு கூலித் தொழிலாளி நீரோடு போய்விட்டார். இரண்டு நாள் தேடிய பிறகே உடல் கிடைத்தது. அவர் நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமவாசி. தலைநகரத்தில் எவரும் சேகரியாது விட்ட பிளாஸ்டிக்கினுள்ளே காரக்கோணத்திற்கு அண்டை ஊர்க்காரர் ஒருவர் உயிரை விட்டார் என்பதை இந்தப் பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி, பணம் வரும் வழியைப் பார்ப்போம். 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73-ஆம், 74-ஆம் திருத்தங்களுக்குப் பிறகு, கேரளம் 1994-இல் தன் பஞ்சாயத்துச் சட்டத்தையும் நகரசபைச் சட்டத்தையும் இயற்றியது. 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தது. கிராம சபையில் தேவைகளைச் சொல்வது, செயற்குழு திட்டம் தீட்டுவது, பஞ்சாயத்துக் கமிட்டி ஒப்புவது, ஜில்லாத் திட்டக் குழு அங்கீகரிப்பது என்ற வரிசையில் காரியம் நடக்கிறது. இந்தத் திட்டப் பணம் ஒரு வழி.

மத்திய சர்க்காரின் பணம் இன்னொரு வழி. தூய்மை இந்தியா இயக்கத்தின் கிராமப் பகுதி இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை வாழும் கிராமத்திற்குத் திடக்கழிவுக்கென்று தலைக்கு 60 ரூபாய் வரையிலும், அதற்கு மேற்பட்ட கிராமத்திற்குத் தலைக்கு 45 ரூபாய் வரையிலும் கொடுக்கலாம் என்று விதிக்கப்பட்டது. இது மாதந்தோறும் வருவதன்று, ஆண்டுதோறும் வருவதுமன்று, ஒரு தடவை. பிளாஸ்டிக்கைத் துகளாக்கவும் பொதி கட்டவும் வட்டாரத்திற்கு ஒரு நிலையம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பதினைந்தாம் நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்குக் கிராம ஸ்தாபனங்களுக்குத் தந்த மானியத்தில் நூற்றுக்கு 30 பங்கைச் சுகாதாரத்திற்கென்றும், 30 பங்கைக் குடிநீருக்கென்றும் கட்டிவைத்தது.

கேரளத்தின் கிராமப் பஞ்சாயத்து வட இந்தியக் கிராமம்போல் சிறியதன்று. முப்பதாயிரம் பேர் வாழும் ஒரு பஞ்சாயத்தை எடுத்துக்கொண்டால், தலைக்கு 45 ரூபாய் வீதம் பதின்மூன்றரை லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு கொட்டகை, ஒரு பொதிகட்டும் இயந்திரம், சில கூண்டுகள் என்று அது செலவாகிவிடும். அதன் பிறகு? கொட்டகை திறப்பு விழாவிற்குப் பிரமுகர்கள் வருவார்கள். பெயர்ப் பலகை நிற்கும். சாக்கைச் சுமக்கிற பெண்ணுக்கு அடுத்த மாதம் கூலி எங்கிருந்து வரும் என்பதற்கு அந்தப் பலகையில் விடை இராது. கட்டிடத்திற்குக் கொடுக்கிற பணம் மேலிருந்து வருகிறது. கூலிக்குரிய பணத்தை ஊரிலேயே தேட வேண்டியிருக்கிறது. ஸ்தல ஸ்தாபனங்களின் நிதிச் சங்கடம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வார்டில் 400 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டாரும் 50 ரூபாய் கொடுத்தால் மாதம் 20,000 ரூபாய். இருவர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்தாயிரம். கையுறை, சாக்கு, வண்டிக் கூலி இவற்றைக் கழித்தாலும் ஏதோ ஜீவனம் நடக்கும். பாதிப் பேர் மட்டுமே கொடுத்தால் ஆளுக்கு ஐயாயிரம். ஆனால் நடை குறைவதில்லை. கொடுத்த வீட்டிற்கும் கொடாத வீட்டிற்கும் போக வேண்டியதே. அதிலும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக் கிராமங்களில் வீடுகள் தெருவாக நிரைத்து நிற்பதில்லை. ஒவ்வொரு வீடும் தன் விளையின் நடுவே நிற்கிறது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று வீடு. நகரசபைத் தெருவில் ஒரு முற்பகலில் பார்த்து முடிக்கும் வீடுகளை இங்கே பார்த்து முடிக்க இரண்டு நாள் பிடிக்கும். கட்டணம் நகரத்தில் கூடுதல், கிராமத்தில் குறைவு. நடையோ கிராமத்தில் கூடுதல், நகரத்தில் குறைவு. இதுதான் கிராம சேவைக்கும் நகர சேவைக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

இக்குறையை ஈடுகட்டுவதற்காகவே, பஞ்சாயத்து தன் நிதியிலிருந்து சேனைக்கு இடைவெளி ஈட்டுத் தொகை கொடுக்கலாம் என்று அரசு அனுமதித்திருக்கிறது. கொடுக்கலாம் என்பதே விதி. கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆகவே ஒரு பஞ்சாயத்தில் சேனை நிலைப்பதும் அடுத்த பஞ்சாயத்தில் ஆள் நின்றுபோவதும் அந்தந்தக் கமிட்டியின் தீர்மானத்தைப் பொறுத்திருக்கின்றன. சாலை போட்டால் ஓட்டு வரும், கூலிக்குக் கொடுத்தால் என்ன வரும் என்று நினைக்கிற உறுப்பினர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள்.

நகரங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. உலக வங்கியும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் கடன் கொடுக்க, மாநில அரசும் பங்கு போட, 30 கோடி டாலர் மதிப்பில் கேரளத் திடக்கழிவு மேலாண்மைத் திட்டம் 2021-இல் அங்கீகாரம் பெற்றது. அது 87 நகரசபைகளும் 6 மாநகராட்சிகளுமாக 93 நகர ஸ்தாபனங்களுக்கென்று வகுக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை நகரசபை அவற்றில் ஒன்று. மாநிலத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகள் அதற்கு வெளியே நின்றன. நெய்யாற்றின்கரைக் கடையில் வாங்கிய பொருளின் உறை காரக்கோணத்து வீட்டில்தான் பிரிக்கப்படுகிறது. பொருளின் லாபமும் கடைவரியும் நகரத்தில் நிற்க, உறை மட்டும் பஸ் ஏறிக் கிராமத்திற்கு வந்துவிடுகிறது. நகரத்திற்கெனக் கடன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் உறையின் பயணத்தைக் கணக்கில் எடுத்திருந்தால் திட்டத்தின் எல்லையை வேறுவிதமாகப் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

உரிய செலவை ஒருவரும் ஏற்காவிட்டால் குப்பை எங்கே போகும் என்பதற்கு எல்லைப்புற மக்களுக்கு விடை தெரியும். களியக்காவிளை சோதனைச் சாவடியில் கேரளக் கழிவை ஏற்றிவந்த வண்டிகளைப் போலீசார் மடக்கிய செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. மீனுக்கும் காய்கறிக்கும் கேரளத்திற்குச் சென்ற லாரி வெறுமையாகத் திரும்புவதைவிட, வாடகைக்கு எதையாவது ஏற்றித் திரும்புவது ஓட்டுநருக்கு லாபம். முறையாக அழிக்க ஆகும் செலவைக் காட்டிலும் அந்த வாடகை குறைவு என்பதால் அனுப்புகிறவருக்கும் லாபம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி ஜில்லாவில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களில் திருவனந்தபுரத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவு கொட்டிக்கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கேரளமே அதனை அள்ளிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து எடுத்துச் சென்றார்கள். மருத்துவக் கழிவு வேறு, வீட்டுப் பிளாஸ்டிக் வேறு என்பது உண்மை. இரண்டிற்கும் வெவ்வேறு விதிகள் உள்ளன. ஆனால் ஒரு மாநிலத்தில் கொடாது மிச்சப்படுத்திய காசை மறு மாநிலத்து உழவன் தன் வயலால் கொடுக்கிறான் என்பது இரண்டிற்கும் பொது.

வீட்டுக்காரரும் பஞ்சாயத்தும் மட்டுமே கொடுக்க வேண்டுமா, அந்த உறையைத் தயாரித்து விற்றவருக்குப் பொறுப்பில்லையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஜெர்மனி 1991-இலேயே சட்டம் இயற்றி, பொட்டலம் கட்டி விற்பவரே அப்பொட்டலத்தைத் திரும்பச் சேகரிக்கும் செலவை ஏற்க வேண்டும் என்று வைத்தது. இந்தியாவிலும் 2022 பிப்ரவரியில் இதற்கான நெறிமுறைகள் வெளியாயின. தயாரிப்பாளர் தாம் சந்தைக்கு அனுப்பிய அளவுக்கேற்ப, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சான்றிதழை எழுதிக் கொடுப்பவர் ஆலைக்காரர். வீட்டுப் படியேறிச் சேகரித்தவருக்கு அதில் நேரான பங்கு கிடையாது. பஞ்சாயத்துகள் ஒன்றுசேர்ந்து, தாம் கொடுக்கும் சரக்கிற்குரிய சான்றிதழ்ப் பணத்தில் பங்கு கேட்டால் கிடைக்காமற் போகாது என்பது நம் எண்ணம். தனித்தனியே கேட்டால் காதில் விழாது.

காலிக் குப்பிக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை இன்னும் எளியது. நீலகிரி ஜில்லாவில் 2022 முதல் அரசு மதுக்கடைகளில் குப்பிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, குப்பி திரும்பியதும் கொடுத்துவிடுகிறார்கள். கண்ணாடிக் குப்பி ஓடையில் கிடந்தால் அதைப் பொறுக்குகிறவருக்குப் பத்து ரூபாய். அங்கே பஞ்சாயத்து செலவழிக்க வேண்டியது ஒன்றுமில்லை. 

ஆகவே, கணக்கு மீண்டும் கிராம சபைக்கே வருகிறது. 2025 மார்ச் 30-ஆம் தேதி குப்பையற்ற ஊர் என்று தம்மை அறிவித்துக்கொண்ட பஞ்சாயத்துகள் பல. அதே ஆண்டு டிசம்பரில் தேர்தல் நடந்து புதிய கமிட்டிகள் பொறுப்பேற்றன. கிராம சபைக்குச் செல்லும் எல்லைப்புற நேயர்கள், ஆண்டுத் திட்டத்தில் கொட்டகைக்கும் இயந்திரத்திற்கும் எவ்வளவு, சேனையின் இடைவெளி ஈட்டுத் தொகைக்கு எவ்வளவு, விலை போகாத சரக்கை அகற்றும் கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டால் பஞ்சாயத்துச் செயலாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். தம் வார்டில் எத்தனை வீட்டார் கட்டணம் செலுத்தினார்கள், சென்ற மாதம் அந்த இரு பெண்களின் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதையும் கேட்கலாம்.